முதுகில் ஒரு ஸ்பிரிங்

பழைய மடக்குக் கத்தி கையில் கிடைத்தால் நம் விரல் தானாக அலகின் கூருக்குப் போகும். விஷயம் தெரிந்தவர் அதைத் திருப்பி முதுகைப் பார்ப்பார்.

இந்த வகைக் கத்திக்குப் பேர்போன ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. கத்தித் தொழிலாளருக்கு அங்கே 1624இலேயே சங்கம் உண்டு. நல்ல எஃகு மட்டும் பிறகுதான் வந்தது, அதுவும் சுற்றுவழியில். 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகார ஸ்பிரிங்குக்காக எஃகை மூசையில் உருக்கிப் பார்த்தார். ஒரே சீராக வந்தது. உள்ளூர்க்காரர்களோ ரொம்பக் கடினம் என்று தள்ளிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை வாங்கிக் கத்தி செய்து இங்கிலாந்திலேயே விற்ற பிறகுதான் ஷெஃபீல்டுக்குப் புத்தி வந்தது என்பார்கள்.

அலகை உலையில் காய்ச்சி அடிப்பவர் ஒருவர். சாணை பிடிப்பவர் வேறொருவர். மணற்கல் தூசியை இழுத்து இழுத்து நுரையீரல் கெட்டு, இளவயதிலேயே செத்தவர்கள் அவர்களில் ஏராளம். கடைசியில் எல்லாம் கோப்பவரின் மேசைக்கு வரும்.

இரண்டு பித்தளைத் தகடுகள். இடையே ஒரு முனையில் அலகு, முதுகோரமாகப் பட்டை ஸ்பிரிங். அதை நடுவில் ஓர் ஆணியும் பின்முனையில் ஓர் ஆணியும் பிடித்திருக்கும். முன்முனை மட்டும் கட்டில்லாமல், அலகின் அடிக்கட்டையை அழுத்திக்கொண்டே இருக்கும். அடிக்கட்டையில் அரத்தால் ராவிய தட்டை முகங்கள். அலகைத் திருப்பினால் அதன் மூலை ஸ்பிரிங்கைத் தூக்கும். அடுத்த முகம் வந்ததும் ‘டக்’கென்று படியும். கொக்கி, தாழ்ப்பாள் எதுவும் கிடையாது. கத்தி திறந்து நிற்பதும் மடங்கிக் கிடப்பதும் அந்த அழுத்தத்தால்தான்.

சொல்வது சுலபம். திறந்தாலும் மடக்கினாலும் ஸ்பிரிங்கின் முதுகு தகடுகளின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. அதற்காகத் தற்காலிக ஆணி போட்டுக் கோப்பார், பார்ப்பார், கழற்றுவார், ஓர் இழை ராவுவார், மறுபடி கோப்பார். மனம் ஒப்பிய பிறகே ஆணியின் தலையைத் தட்டி இறுக்குவார்.

பிடிக்கு எலும்பு, முத்துச்சிப்பி, தந்தம். இந்தியக் கடமானின் கொம்பும் கப்பலேறிப் போனது. சொரசொரப்பு இருப்பதால் ஈரக்கையிலும் நழுவாது. வாங்குபவர் மயங்கியதெல்லாம் இந்தப் பிடியில்தான். ஸ்பிரிங்கைப் பார்த்து விலை பேசியவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஒவ்வொரு ஸ்பிரிங்கும் அதனதன் அலகுக்கென்றே ராவப்பட்டது. அதனால் ஒரே கை செய்த இரண்டு கத்திகளில்கூட ஒன்றினுடையதைக் கழற்றி மற்றதில் போட்டால் அப்படியே பொருந்தாது. உடைந்தால் புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டு, கோப்பதும் கழற்றுவதும் ராவுவதுமாக முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.