பாராலிம்பிக் வரலாற்றில் பங்கேற்புத் தடைகள் (1948 – 2012)

ஆய்வுச்சுருக்கம்

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்பதற்கான தடை அவர்தம் உடலிலேயே உள்ளது என்பது பொதுவான கருத்து. கட்டடம், நிகழிடம், வகைப்பாட்டு விதி ஆகிய மூன்றும் தடைகளாக அமைந்தமையைப் பாராலிம்பிக் இயக்கத்தின் வரலாற்றுவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாற்றுத்திறனாளிகள், பாராலிம்பிக், வகைப்பாடு, பங்கேற்பு

முன்னுரை

இரண்டாம் உலகப்போரில் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்காக இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. நாஜி ஆட்சியிலிருந்து தப்பிவந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன் அதற்குத் தலைமையேற்றார். அவர் விளையாட்டைச் சிகிச்சையின் ஒரு கூறாகவே கருதினார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்று, அவ்வளாகத்தில் 16 பேர் பங்கேற்ற வில்வித்தைப் போட்டி நடைபெற்றது. 1952இல் நெதர்லாந்து அணியின் வருகையால் அது பன்னாட்டுப் போட்டியாயிற்று. மருத்துவமனையில் பிறந்த இவ்வியக்கம், தொடக்கத்தில் அம்மருத்துவமனை ஏற்ற நோயாளர் வகையினரை மட்டுமே வீரர்களாக ஏற்றது என்பது கருதத்தக்கது.

கட்டடமும் நிகழிடமும்

முதல் பாராலிம்பிக் எனப் பின்னாளில் ஏற்கப்பட்ட 1960 ரோம் போட்டியில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் பங்கேற்றனர். அவர்கள் தங்கிய கட்டடங்கள் தூண்கள்மீது எழுப்பப்பட்டவை. சக்கர நாற்காலியில் இருந்தோரை இத்தாலியப் படைவீரர்கள் படிகளில் தூக்கிச் செல்ல நேர்ந்தது. களத்தில் தம் ஆற்றலை நிறுவியவர்கள் தங்குமிடத்தின் வாயிலில் பிறர் துணையை நாடவேண்டியதாயிற்று.

அடுத்து எழுந்தது நிகழிடச் சிக்கல். 1968இல் மெக்சிகோ பின்வாங்கியதால் போட்டி இஸ்ரேலுக்கு மாற்றப்பட்டது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக் குடியிருப்பு தனியார் வீடுகளாக மாற்றப்படவிருந்தமையால் ஹைடல்பெர்க் நகரம் இடமளித்தது. அங்குதான் 1965 போரில் காயமுற்ற இந்திய இராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது 2018இல்தான் வழங்கப்பட்டது. 1980இல் சோவியத் ஒன்றியம் மறுத்ததால் நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் போட்டி நடந்தது. 1984இல் இல்லினாய் பல்கலைக்கழகம் நிதிப் பற்றாக்குறையால் விலகவே, சக்கர நாற்காலி வீரர்களுக்கான போட்டிகள் ஸ்டோக் மாண்டவிலுக்கே திரும்பின. 1988இல் சியோல் நகரில் ஒலிம்பிக் அரங்குகள் பாராலிம்பிக் வீரர்களுக்கும் திறக்கப்பட்டன. ஒலிம்பிக் நடத்தும் நகரமே பாராலிம்பிக்கையும் நடத்தவேண்டும் என்பதை 2001ஆம் ஆண்டின் ஒப்பந்தம் உறுதிசெய்தது.

வகைப்பாடு என்னும் வாயில்

1976 டொராண்டோ போட்டியில் பார்வைக் குறைபாடு உடையோரும் கை, கால் இழந்தோரும், 1980இல் மூளை முடக்குவாதம் உடையோரும் சேர்க்கப்பட்டனர். நிகரானவர்கள் தமக்குள் போட்டியிட வகைப்பாடு இன்றியமையாதது. எனினும், எவ்வகையிலும் அடங்காதவர் களத்திற்குப் புறத்தே நிற்பதற்கும் அதுவே காரணமாகிறது.

இவ்விருமுகத் தன்மையை 2000 சிட்னி நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. அறிவுசார் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு அக்குறைபாடு இல்லை என்பது வெளியாயிற்று. பதக்கம் பறிக்கப்பட்டதோடு, அறிவுசார் குறைபாடு உடையோர் அனைவரின் பங்கேற்பும் நிறுத்திவைக்கப்பட்டது. ஏதென்ஸ், பெய்ஜிங் ஆகிய இரு பாராலிம்பிக் போட்டிகளை அவர்கள் இழந்தனர். புதிய தகுதித் தேர்வுமுறை உருவாக்கப்பட்ட பின்னர், 2012 லண்டனில் தடகளம், நீச்சல், மேசைப்பந்து ஆகியவற்றில் மட்டும் மீண்டும் இடம்பெற்றனர். கூடைப்பந்து மீளவில்லை. குறைபாடு இல்லாதவர்கள் செய்த மோசடிக்கான தண்டனையைக் குறைபாடு உடையோர் ஏற்கவேண்டியதாயிற்று.

முடிவுரை

ரோமின் படிகளும், இடமளிக்க மறுத்த நகரங்களும், சிட்னிக்குப் பிந்தைய விலக்கமும் மனிதர் வகுத்த ஏற்பாடுகளே. ஆதலின் மனிதரால் மாற்றத்தக்கவை. 2006இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பும், இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 30ஆம் பிரிவும் விளையாட்டில் பங்கேற்பதற்கு வழிசெய்வதை அரசின் கடமையாக்குகின்றன. ஆயின், தடை ஒவ்வொன்றும் நீங்குவதற்கு ஆண்டுகள் பல பிடித்தன. ஒரு வீரரின் களவாழ்வோ அத்துணை நீண்டதன்று. எனவே, தடை நீங்கிற்றா என்பதோடு, அது நீங்கும்வரை காத்திருந்து களம் காணாமற்போனவர் யார் என்பதையும் விளையாட்டு வரலாறு பதிவுசெய்தல் வேண்டும்.