கார்த்திகை நட்சத்திரங்கள் ஒரே குடும்பம், ரோகிணி வெளியாள்: விஞ்ஞானிகள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மார்கழி இரவில் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். சின்னக் கொத்தாக நெருங்கி நிற்கும் நட்சத்திரங்கள்தான் கார்த்திகை. கொஞ்சம் தள்ளி, கவட்டை வடிவில் இன்னொரு கூட்டம் தெரியும். அதன் பெயர் ஹயாடிஸ். அதில் செம்மையாக மின்னுவது ரோகிணி.

பார்க்க எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கின்றன? இல்லை. ஹயாடிஸ் சுமார் 150 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ரோகிணியோ வெறும் 65 ஒளியாண்டில் இருக்கிறது. நடுவில் நின்று மறைக்கும் வெளியாள் அது.

திறந்த நட்சத்திரக் கொத்து என்றால் என்ன?

ஒரே வாயு மேகத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த சில நூறு முதல் சில ஆயிரம் நட்சத்திரங்களின் கூட்டம் இது. கார்த்திகை, ஹயாடிஸ் இரண்டும் இந்த வகைதான். இவற்றின் ஈர்ப்புப் பிடி தளர்வானது. அதனால் பெரும்பாலானவை சில கோடி ஆண்டுகளிலோ சில நூறு கோடி ஆண்டுகளிலோ கலைந்துவிடும். நம் சூரியனும் இப்படி ஒரு கூட்டத்தில் பிறந்து பிரிந்து வந்ததாகவே கருதப்படுகிறது.

யார் உறவு, யார் வெளியாள்?

திருவிழாக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தை எப்படி அடையாளம் காண்பீர்கள்? சேர்ந்து ஒரே பக்கமாக நடப்பார்கள், இல்லையா? நட்சத்திரங்களுக்கும் அதே கணக்குதான். ஒரு கொத்தின் உறுப்பினர்கள் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகரும்.

ஆனால் அந்த நகர்வு மிக மிகச் சிறியது. நிலவின் அகலம் அளவுக்கு வானில் நகர கார்த்திகைக்கு 35,000 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். இதை அளக்கத்தான் ஐரோப்பிய விண்வெளி முகமை 2013-ல் கையா விண்கலத்தை அனுப்பியது. 2025 ஜனவரியில் அது தன் ஆய்வுப் பணியை முடித்துக்கொண்டது. 2022-ல் வெளியான அதன் மூன்றாவது தரவுத் தொகுப்பில் சுமார் 180 கோடி வான்பொருட்கள் இருக்கின்றன.

ஆள் மாறினால் என்ன ஆகும்?

வயசுக் கணக்கே தப்பாகிவிடும். எடை அதிகமான நட்சத்திரம் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடும். ஆகவே ஒரு கொத்தில் எந்த எடை வரையிலான நட்சத்திரங்கள் இன்னும் இயல்பாக எரிகின்றன என்று பார்த்து வயதைச் சொல்கிறார்கள். கார்த்திகைக்குச் சுமார் 10 கோடி ஆண்டு, ஹயாடிஸுக்குச் சுமார் 65 கோடி ஆண்டு. ரோகிணி போன்ற வெளியாளைச் சேர்த்தால் இந்தக் கணக்கு குழம்பும்.

சில சமயம் கொத்தே இல்லை என்றும் தெரியவரும். மெஸ்ஸியர் 1780-ல் பட்டியலிட்ட எம்73-ன் நட்சத்திரங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போகின்றன என்று 2002-ல் உறுதியானது.

இதில் கொல்கத்தாவின் பங்கு என்ன?

நட்சத்திர ஒளியிலிருந்து அதன் வெப்பநிலையைப் புரிந்துகொள்ள வழிகாட்டிய அயனியாக்கச் சமன்பாட்டை மேகநாத் சாஹா 1920-ல் வெளியிட்டபோது, அவர் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று சால்ட் லேக்கில் எஸ்.என். போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் 2015-ல் என்ஜிசி 2282 என்ற கொத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வயது 20 முதல் 50 லட்சம் ஆண்டுதான், அதாவது இன்னும் கைக்குழந்தை. இந்த வயதில் பல நட்சத்திரங்களைச் சுற்றித் தூசித் தட்டு இருக்கும். அது அகச்சிவப்பு ஒளியில் பளிச்சென்று தெரியும். உறுப்பினர்களைப் பிரித்தறிய அதுவும் ஓர் அடையாளம்.

நீங்களும் செய்யலாமா?

தாராளமாக. கையா தரவு அனைவருக்கும் இலவசம். டாப்கேட் என்ற மென்பொருளும் இலவசம்தான். கார்த்திகைப் பகுதியின் தரவை இறக்கி, நட்சத்திரங்களின் நகர்வை மட்டும் வரைபடமாகப் போடுங்கள். சிதறிய புள்ளிகளுக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் அடர்த்தியாகப் புள்ளிகள் குவிந்திருக்கும். அதுதான் கார்த்திகைக் குடும்பம். வானத்தை மறைக்கும் நகர வெளிச்சம் உங்கள் லேப்டாப்பை ஒன்றும் செய்யாது.