மாயாஜாலப் படம்

மந்திரவாதி, பேய், பாம்பு, சாபம், உருமாற்றம் இவற்றைச் சிறு செலவில், கேமரா தந்திரத்தால் காட்டிய திரைப்பட வகை. 1950கள் முதல் 1980கள் வரை சிற்றூர்க் கொட்டகைகளில் செல்வாக்கோடு இருந்தது. பேச்சுவழக்கில் ‘விட்டலாச்சார்யா படம்’.

தோற்றம்: 1951இல் வந்த இரு படங்களில் இதன் வேர் இருக்கிறது. ஒன்று, ஜூபிடர் பிக்சர்ஸின் ‘மர்மயோகி’. கே. ராம்நாத் இயக்கி எம்.ஜி.ஆர். நடித்தது. செருகளத்தூர் சாமா ஆவியாக வரும் காட்சிகளுக்காகத் தணிக்கைக் குழு இதற்கு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தது. தமிழ்ப் படம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல்முறை. இன்று பார்க்கும் குழந்தைகூட அந்த ஆவியைக் கண்டு பயப்படாது. மற்றொன்று, விஜயா நிறுவனம் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த ‘பாதாள பைரவி’. அதில் எஸ்.வி. ரங்காராவ் நடித்த மந்திரவாதிதான் பின்னால் வந்த மந்திரவாதிகளுக்கெல்லாம் அச்சு. இரண்டும் பெரும் பணம் போட்ட படங்கள். அடுத்து வந்தவர்கள் மந்திரவாதியை மட்டும் எடுத்துக்கொண்டு செட்டை விட்டுவிட்டார்கள்.

வகைப்பாடு: பேய் கடைசிவரை பேயாகவே இருந்தால் அது பேய்ப்படம். ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978) இதில் சேரும். கடைசி ரீலில் பேய் மனிதராகிவிட்டால் அது மர்மப்படம். ‘யார் நீ?’ (1966) இவ்வகை. பேய், பாம்பு, தெய்வம், பேசும் கிளி எல்லாம் ஒரே கதையில் கூடினால்தான் மாயாஜாலப் படம். இந்த அளவுகோலை வைத்தால் ‘மர்மயோகி’யே வெளியே போய்விடும், ஏனெனில் அதில் ஆவியாக வருவது உயிரோடிருக்கும் அரசன். ஆனாலும் ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய முதல் படம் என்பதால் இங்கேயே வைக்கப்படுகிறது. ‘நீயா?’ (1979) போன்ற பாம்புப் படங்கள் கிளைவகை.

விட்டலாச்சார்யா: பி. விட்டலாச்சார்யா (1920–1999) உடுப்பிப் பகுதியில் பிறந்து, கன்னடத்தில் தொடங்கி, சென்னைக்கு வந்து 70க்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர். இவருடைய தெலுங்குப் படங்கள் தமிழ்ப் பேச்சு ஏற்றப்பட்டு ஊர் ஊராகப் போயின. கேமராவை நிறுத்தி, நடிகரை விலக்கி, அதே இடத்தில் கிளியை வைத்து மறுபடி ஓட்டுவது, ஒரே பிலிமில் இருமுறை பதிவது, நூலில் கட்டி இழுப்பது என மூன்று நான்கு வித்தைகளிலேயே எல்லாவற்றையும் முடித்தார். கால்ஷீட்டில் தகராறு செய்யும் நடிகரைக் கதையில் ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டுப் படப்பிடிப்பைத் தொடர்வார் என்று சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. சிக்கனத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் இல்லை.

நரசிம்மராஜுவும் ஜெயமாலினியும் நடித்த ‘ஜகன்மோகினி’ (1978) இவ்வகையின் உச்சம். பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சியை, படத்தின் பெயரை மறந்தவர்களும் மறக்கவில்லை. ஜெயமாலினியின் ஆடல்களைக் காட்டி இவற்றைக் கீழ்த்தரம் என்பது பொருந்தாது. இந்தியில் ராம்சே சகோதரர்களின் ‘புரானா மந்திர்’ (1984) போன்றவை ரத்தத்தையும் சதையையும் நம்பின. மாயாஜாலப் படங்களோ குடும்பத்தோடு பார்க்க எடுக்கப்பட்டவை.

சுவைப்பு: ஆரணி போன்ற நெசவு ஊர்களுக்குப் படப்பெட்டி நகரங்களில் ஓடி முடித்த பிறகே வந்து சேர்ந்தது. டூரிங் டாக்கீஸில் இருந்தது ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்ற விளக்கு எரியும்போதெல்லாம் பேய் பாதியில் நிற்கும். தரை டிக்கெட்டுக்காரர் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்ப்பார். இழுக்கும் நூல் திரையில் தெரிந்தாலும் யாரும் குறையாகச் சொன்னதில்லை. தெரிந்த நூலைக் காட்டிச் சிரிப்பதும், அடுத்த நொடியே பயப்படுவதும் சேர்ந்ததுதான் இப்படங்களின் சுவை.

பிற்காலம்: 1987இல் ‘மை டியர் லிசா’ என்ற பேய்ப்படம் வந்தது. இராம. நாராயணன் ‘ஆடி வெள்ளி’ (1990) முதலிய படங்களில் யானையையும் பாம்பையும் அம்மனையும் கூட்டி இம்மரபை நீட்டித்தார். பின்னர் கணினி வரைகலை வந்தது. ‘ஜகன்மோகினி’ 2009இல் நமீதா நடிக்கத் தமிழில் மீண்டும் எடுக்கப்பட்டது.