பினாங்கு மாநகரில் கோயிலும் கடைத்தெருவும்

தைப்பூசத்திற்கு முதல்நாள் விடியலில், பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும் காட்சியைக் கண்டிராத பினாங்குத் தமிழர் மிகச் சிலரே ஆவர். 1894ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்விரதம் தண்ணீர்மலையை அடைய ஒரு பகற்பொழுது முழுவதும் ஆகின்றது. தொலைவு அவ்வளவு பெரிதன்று. கடைவாசல்தோறும் நின்று, தேங்காயும் அருச்சனைத் தட்டும் ஏற்றுச் செல்வதாலேயே அத்துணை நேரம் ஆகின்றது. தமிழர் கடை, சீனர் கடை என்ற வேறுபாடும் அதற்கில்லை.

சுவாமி ஏன் கடைவாசலில் நிற்கின்றார்? சிறுவயதில் என் தந்தையாரிடம் இக்கேள்வியைக் கேட்டேன். "கடை வைத்தவர்கள்தானே தேரும் வைத்தார்கள்" என்று அவர் சுருக்கமாக விடையளித்தார். அவ்விடைக்குள் அடங்கியிருந்த வரலாற்றை அறிந்துகொள்ள எனக்குப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. அதனை இத்திருவிழா மலரின் வாயிலாக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கடைத்தெருவின் தோற்றம்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். துறைமுகம் வளர வளரத் தமிழகக் கடற்கரையிலிருந்து வணிகரும் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சூலியா வீதியை ஒட்டிய பகுதியில் நிலைகொண்டனர். அவர்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டில் எழுந்தது. படகோட்டிகளும் மூட்டை சுமப்போரும் சிறு கடைக்காரர்களும் வாழ்ந்த குவீன் வீதியில் 1833ஆம் ஆண்டு மகா மாரியம்மன் ஆலயம் அமைந்தது. மார்க்கெட் வீதியை நம்மவர் கடைத்தெரு என்றும், பினாங்கு வீதியைக் கிட்டங்கித் தெரு என்றும் வழங்கினர்.

ஜார்ஜ் டவுன் 1957ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மாநகரத் தகுதி பெற்றது. எனினும், இன்று உலக மரபுடைமையாகக் காக்கப்படும் அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டர் அளவினதே. அரைமணி நேரத்தில் குறுக்கே நடந்துவிடக்கூடிய அச்சிறு பரப்பிற்குள் பூக்கட்டுவோர், பொற்கொல்லர், மசாலை அரைப்போர், நாணய மாற்று வணிகர், பத்திரிகை விற்போர், அச்சகத்தார் ஆகியோர் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்தனர். பெரிய வங்கிகள் அவர்களுக்காக வந்தவை அல்ல. 1875ஆம் ஆண்டில் சார்ட்டர்டு வங்கி பினாங்கில் கிளை திறந்தபோதும், ஐம்பது வெள்ளி கடன் கேட்கும் பூக்காரருக்கு அதன் கதவு திறக்கவில்லை.

கிட்டங்கியும் மகமையும்

அவ்விடத்தை நிரப்பியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஆவர். கிட்டங்கி என்பது நீண்ட கடைவீடு. அதன் கூடத்தில் பல விலாசத்தார் வரிசையாக அமர்ந்திருப்பர். ஒவ்வொருவருக்கும் ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி. அதுவே அவர்தம் வங்கி. பின்கட்டில் அனைவருக்கும் ஒரே சமையல். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிப்படியாகத் தொழில் பழகுவர். ஊரிலிருந்து வரும் மேலாள் மூன்றாண்டுக் காலம் பணிபுரிந்து, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அவரிடத்திற்கு வேறொருவர் வருவார். தம் கணக்கை இன்னொருவர் வந்து வரிவரியாகப் பார்ப்பார் என்பதை ஒவ்வொரு மேலாளும் முதல் நாளிலேயே அறிவார். நாணயம் தவறாமைக்கு இம்முறையே பெருங்காவலாக விளங்கியது.

பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் அப்பேரேடுகளில் மகமை என்றொரு கணக்கு உண்டு. விலாசத்தின் முதலீட்டிற்கேற்பக் கோயிலுக்குச் செலுத்தும் பங்கே மகமையாகும். உண்டியலில் மனம் போனபடி இடும் காணிக்கை வேறு, மகமை வேறு. மகமை வணிகத்தின் செலவுக் கணக்கிலேயே எழுதப்பட்டது. அவ்வாறு சேர்ந்த கோயிற்பணமும் பெட்டகத்தில் உறங்கிக் கிடக்கவில்லை. நம்பிக்கைக்குரிய விலாசங்களுக்கு அது வட்டிக்கு விடப்பட்டது. அவ்வட்டியில் பூசையும் அன்னதானமும் விழாவும் நடைபெற்றன. இன்ன மாதத்திற்கு இன்ன வட்டி என்னும் நடப்பு வட்டியை வணிகர்கள் கூடி முடிவு செய்யும் இடமாகவும் நகரத்தார் கோயில்கள் பல ஊர்களில் பயன்பட்டன. பினாங்கில் 1857ஆம் ஆண்டில் எழுந்த தண்டாயுதபாணி ஆலயம் இம்மரபின் பயனே. என் தந்தையார் கூறிய விடையின் பொருள் இதுவே.

வட்டத்திற்கு வெளியே நின்றோர்

முன்னோர் பெருமையைக் கூறுவதோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. கிட்டங்கிக்குள் வாய்ச்சொல்லே பிணையாக இருந்தது. வெளியிலிருந்து கடன் பெற வந்தவருக்கோ நிலப்பத்திரமும் நகையும் பிணையாயின. 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்தபோது, கடனைத் திருப்ப இயலாத சிறு தோட்டக்காரர் பலரின் நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்குச் செல்லும் நிலை உண்டாயிற்று. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1931ஆம் ஆண்டில் சிறு நிலங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்ததும் இதனாலேயே. கோயிலின் முன்னிலையில் எழுதப்பட்ட கணக்கு உள்ளிருந்தோரைக் காத்தது. வெளியே நின்றோரைக் காக்கவில்லை. இவ்வுண்மையை நாம் மறைத்தல் கூடாது.

போருக்குப் பின்னர் காலம் மாறியது. 1951ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டம் புதிய விதிகளைக் கொணர்ந்தது. 1953ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்தால், மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாற்றும் பழைய ஏற்பாடு தொடர இயலாததாயிற்று. கிட்டங்கிகளின் பெட்டிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

என் அன்னையாரின் கூட்டு

கிட்டங்கிக் கூடத்திற்கு வெளியே, ஏழைத் தமிழர்தம் வங்கி கூட்டு ஆகும். இருபது பேர் சேர்ந்து மாதம் ஐம்பது வெள்ளி கட்டினால், மாதம் ஒருவருக்கு ஆயிரம் வெள்ளி கிடைக்கும். திருமணமும் பள்ளிச் செலவும் வீட்டுக் கூரையும் இதனால் நிறைவேறின. இச்சொல் மலாய் மொழியில் 'கூத்து' என வழங்குகின்றது. 1971ஆம் ஆண்டில் கூட்டு நிதித் தடைச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியபோது, ஆங்கிலத்தில் அதன் தலைப்பிலேயே நம் தமிழ்ச் சொல் இடம்பெற்றது. ஏமாற்று மிகுந்ததனால் வந்த பெருமை அது, மகிழ்வதற்குரியதன்று.

அவ்வேமாற்றத்தின் கசப்பை எம் குடும்பமும் அறியும். நான் இடைநிலைப்பள்ளியில் பயின்ற காலத்தில், பட்டர்வொர்த்தில் என் அன்னையார் இத்தகைய ஒரு கூட்டில் சேர்ந்திருந்தார். அவர்தம் முறை பதினேழாம் மாதம். பதினான்காம் மாதப் பணத்தைப் பெற்றுக்கொண்டபின் கூட்டுத் தலைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எழுநூறு வெள்ளி போயிற்று. அதில் ஒரு பகுதிக்கு அன்னையாரின் தோடு ஏற்கெனவே அடகுக்கடையில் இருந்தது. அது மீளவே இல்லை. அக்கம்பக்கத்தார் அப்பெண்மணியைத் திட்டித் தீர்த்தனர். அன்னையாரோ, "கணக்கு நோட்டு அவளிடம் மட்டும்தானே இருந்தது, அதை ஒருநாளும் நாம் கேட்டுப் பார்க்கவில்லையே" என்றார். பிற்காலத்தில் அரசாங்கப் பணியில் கோப்புகளோடு வாழ நேர்ந்த எனக்கு அச்சொல் இன்றளவும் பாடமாக விளங்குகின்றது.

வட்டத்தை விரித்தோர்

ஏட்டை எல்லாரும் பார்க்கலாம் என்பதைச் சட்டமாக்கியதே கூட்டுறவு இயக்கம். மலாயாக் கூட்டு மாநிலங்களில் 1922ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே அஞ்சல், தந்தி ஊழியர்கள் சிக்கனச் சங்கம் கண்டனர். சம்பளக் கடனால் நலிந்த சிறு ஊழியருக்கு அது புகலிடமாயிற்று. ஒருவருக்கு ஒரு வாக்கு, ஆண்டுக்கொரு தணிக்கை, பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிப்பு ஆகிய மூன்றும் அதன் தூண்கள்.

அதன் பெருஞ்சான்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். விடுதலைக்குப் பின் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தலைமுறைகளாக அங்கு உழைத்தவர்கள் வேலையோடு வீட்டையும் கோயிலையும் பள்ளியையும் இழக்கும் நிலைக்கு ஆளாயினர். துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் அச்சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி, நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைத் தொழிலாளி பெறலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று அப்பத்து வெள்ளியைத் திரட்டினர். நமக்கு அண்மையிலுள்ள கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அவ்வாறே தொழிலாளர் பணத்தால் வாங்கப்பட்டது. பால் மரம் சீவிய கைகள் பங்குப் பத்திரத்தையும் ஏந்தின.

இன்றைய நிலை

ஜார்ஜ் டவுனின் சிறு கடைகளைக் காத்துவந்த இன்னொரு வேலி 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948ஆம் ஆண்டிற்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை அது கட்டுக்குள் வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அவ்வேலி நீங்கியது. வாடகை உயரவே, பரம்பரைக் குடியிருப்பாளர்களும் கைத்தொழிலாளர்களும் வெளியேறினர். 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ நகரை உலக மரபுடைமையாக அறிவித்தது. கட்டடங்கள் காக்கப்பட்டன, அவற்றுள் தொழில் செய்தோரைக் காக்கும் பொறுப்போ ஊராரிடமே எஞ்சியது.

பழைய கிட்டங்கிகளை நாம் மீண்டும் திறக்கப் போவதில்லை. ஆயினும், அன்பர்கள் சிந்திப்பதற்கு இரண்டு செய்திகளைப் பணிவுடன் முன்வைக்கின்றேன். அம்மனுக்குச் சாத்தும் மாலையும் அபிடேகப் பாலும் அன்னதானத்து வாழையிலையும் யாரிடம் வாங்கப்படுகின்றன? ஒரு வெள்ளி குறைவு என்பதற்காகத் தொலைவிலிருந்து தருவிப்பதைவிட, கோயில் வாசலிலேயே மூன்று தலைமுறையாக அமர்ந்திருப்பவரிடம் வாங்குவது அவர் தொழிலுக்கு நாம் செலுத்தும் மகமையாகும். இரண்டாவது, நம் மகளிர் இன்றும் கூட்டு கட்டுகின்றனர். அவ்வழக்கத்தை வெறுமனே தடுப்பதில் பயனில்லை. 1993ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டப்படி பதிவு பெற்ற சிக்கனச் சங்கமாக அதனை வளர்க்கலாம். அதன் கணக்கை நம் மண்டபத்திலேயே ஆண்டுதோறும் உரக்க வாசிக்கலாம்.

அடுத்த தைப்பூசத்தில் இரதம் ஒரு கடைவாசலில் நிற்கும்போது, அன்பர்கள் தேங்காயோடு அக்கடையின் பெயர்ப்பலகையையும் சற்று நோக்க வேண்டுகின்றேன். சுவாமி அடுத்த ஆண்டும் அங்கு நிற்க வேண்டுமாயின், அக்கடையும் அங்கு இருத்தல் வேண்டும்.

அன்னையின் திருவருள் அனைவருக்கும் துணைநிற்பதாக.