பொதிகளின் சார்பும் புலப்படாத உழைப்பும்

சுவாமி ஞானப்பிரகாசரின் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' 1928 இல் அச்சுவேலி ஞானப்பிரகாச யந்திரசாலையில் அச்சேறியது. நூல்களின் முகப்பில் ஆசிரியர் பெயரும் அச்சகத்தின் பெயரும் இடம்பெறுவது மரபு; எழுத்துக் கோத்தவரின் பெயர் இடம்பெறுவதில்லை. ஈழத்து நூல்களை வலையேற்றும் 'நூலகம்' திட்டம் 2005 இல் தொடங்கியது. அச்சியந்திரத்தைப் போலவே வலைச் சேவையகமும் இன்று நமது பண்பாட்டு உற்பத்திச் சாதனங்களுள் ஒன்றாகிவிட்டது. எனவே அதன் உருவாக்கத்திலும் மறைந்திருப்போர் யாவர் என வினவுதல் பொருத்தமானதே.

லினக்ஸ் இயங்குதளத்திலே பாதுகாப்பான சேவையகம் ஒன்றை நிறுவுவதற்கு 'அப்பாச்சி' மென்பொருட் பொதி மட்டும் போதாது. தரவை மறையாக்க 'ஓப்பன்எஸ்எஸ்எல்' போன்ற நிரற்றொகுதி வேண்டும். அதற்கு அடிப்படையாகச் சி மொழியின் நிரற்றொகுதி வேண்டும். தேவையான ஒன்று கிடைக்காவிடின் பொதி முகாமைக் கருவி நிறுவலை மறுத்துவிடும்.

இச்சார்புகளை வெறும் தொழினுட்ப விதிகளாகக் கொள்ளுதல் தவறு. வலுவான மறையாக்க மென்பொருளின் ஏற்றுமதியை அமெரிக்க அரசு நெடுங்காலம் கட்டுப்படுத்தியது. 1995 இல் அவுஸ்திரேலியரான எரிக் யங், ரிம் ஹட்சன் ஆகியோர் அந்நாட்டிற்கு வெளியே உருவாக்கிய 'எஸ்எஸ்எல்ஈஏவை'யே 1998 இறுதியில் ஓப்பன்எஸ்எஸ்எல் ஆக வளர்ந்தது. டெபியன் லினக்ஸ் இத்தகைய பொதிகளை அமெரிக்காவுக்குப் புறம்பான தனிப் பிரிவிலே வைத்திருந்தது. 2000 இல் கட்டுப்பாடு தளர்ந்தது. 2002 இல் அவை டெபியனின் பிரதான களஞ்சியத்தில் இணைந்தன. அவ்வாண்டு வெளிவந்த அப்பாச்சி 2.0 மறையாக்கக் கூற்றைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. ஆக, எந்தப் பொதி எங்கே கிடைக்கும் என்பதை அரச அதிகாரமும் தீர்மானித்தது.

சார்புப் பட்டியல் பொருளைச் சொல்லும், உழைப்பைச் சொல்லாது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' வழு இதனை உணர்த்தியது. அவ்வழு 2012 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்தது. அதன்வழியே சேவையகத்தின் நினைவகத்திலிருந்து இரகசியத் தரவுகள் கசியக்கூடியதாயிற்று. பெருநிறுவனங்கள் பல அதனைப் பயன்படுத்தி வணிகம் நடத்தின. அதனைப் பேணியோரோ ஒரு சிலரே. அவர்களுக்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர் மட்டுமே. வழு அம்பலமான பின்னரே லினக்ஸ் அறநிலையத்தினூடாகப் பெருநிறுவனங்கள் நிதியளிக்க முன்வந்தன.

கூட்டுழைப்பின் ஆற்றலுக்குக் கட்டற்ற மென்பொருள் சிறந்த சான்று என்பதில் ஐயமில்லை. ஆயின் அதனைத் தனிமனிதரின் 'கொடை' என்று மட்டும் போற்றுவது, சமூக உழைப்பின் பயன் தனியார் இலாபமாவதை மறைத்துவிடும். அன்று எழுத்துக் கோத்தவரை மறந்த நமது நூல் வரலாறு, இன்று நிரல் எழுதுவோரையும் மறத்தலாகாது.