பீட் ஆருடையது? ஹிப் ஹொப் ப்ரொடியூசர்கள் பற்றிய தீராத வாக்குவாதம்

ஹிப் ஹொப் கேட்கிற நாலு பேர் ஒன்றாக இருக்கும் இடத்தில் "ஆகலும் பெரிய ப்ரொடியூசர் ஆர்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைய பின்னேரம் போச்சு. ஒருவர் டொக்டர் ட்ரே என்பார். இன்னொருவர் டிஜே ப்ரீமியர் என்பார். கூட்டத்தில் வயது குறைந்தவர் மெட்ரோ பூமினைச் சொல்லி மற்றவர்களிடம் ஏச்சு வாங்குவார். ஜே டில்லாவின் பெயரைச் சொல்பவர் மட்டும் கோயில்ல நிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தெளிவாக்க வேணும். எங்களுக்குத் தயாரிப்பாளர் என்றால் படத்துக்குக் காசு போடுகிறவர். ஹிப் ஹொப்பில் ப்ரொடியூசர் என்பவர் இசையமைப்பாளருக்குக் கிட்டவானவர். ராப் பாடகர் வாய் திறக்க முன்னமே பாட்டின் முக்கால்வாசியைச் செய்து வைத்திருப்பவர். ஆனால் போஸ்டரில் அவருடைய முகம் இருக்காது. இந்த வாக்குவாதத்தில் உண்மையில் பந்தயமாக இருப்பதே அதுதான்: ஆர் செய்தது, ஆருடைய பெயர் நிக்குது, ஆருக்குக் காசு போய்ச் சேருது.

எத்தனை ஹிட் கொடுத்தார், எத்தனை விருது வாங்கினார் என்று எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் பாவிக்கிற அளவுகோல் வேறு. ஒரு பெடியனோ பெட்டையோ இன்றைக்கு லப்டொப்பைத் திறந்து பீட் ஒன்று செய்கிறார் என்று வையுங்கோ. இந்த ப்ரொடியூசரின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் அவருடைய கை இந்த மனுசன் காட்டிய வழியில்தான் போகுதா? போனால் அதுதான் செல்வாக்கு. மற்றதெல்லாம் புகழ்.

இந்த அளவுகோலை வைத்தால் பட்டியல் சடாரென்று மாறும். 1973 ஓகஸ்ட் 11, பிரோங்ஸ், செட்ஜ்விக் அவெனியூ 1520 என்ற கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜமெய்க்காவில் பிறந்த கூல் ஹேர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, பாட்டில் ட்ரம்ஸ் மட்டும் தனியாக வரும் அந்தச் சில செக்கன்களை நீட்டி நீட்டி ஆட விட்டார். அந்த விருந்தை ஒழுங்கு செய்தது அவருடைய தங்கச்சி சின்டி கேம்பல். பள்ளிக்கூடத்துக்குப் புது உடுப்பு வாங்கக் காசு சேர்க்கத்தான் செய்தவ. ஹிப் ஹொப்பின் முதல் விழா அமைப்பாளர் ஒரு பெண் என்பது பட்டியல் போடுபவர்களுக்கு ஏனோ ஞாபகம் வருவதில்லை.

சில்வியா ரொபின்சனும் அப்படித்தான். நியூ ஜேர்சியில் சுகர் ஹில் ரெக்கோர்ட்ஸை நடத்தியவர். மண்டபத்திலும் பூங்காவிலும் மட்டும் இருந்த விசயத்தை ஒரு தட்டில் அடைத்து விற்கலாம் என்று கண்டவர். 1979 இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வந்தது. 1982 இல் ‘தி மெசேஜ்’. இந்த இரண்டாவது பாட்டைச் செய்ய கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் குழுவுக்கு விருப்பமே இருக்கவில்லை. ஆட வந்தவனுக்குச் சேரியின் கதையைச் சொன்னால் ஆர் கேட்பான் என்று நினைத்தார்கள். சில்வியா விடாப்பிடியாக நின்று செய்வித்தா. சமூகத்தைப் பேசும் ராப் என்று நாங்கள் இன்றைக்குக் கொண்டாடும் மரபுக்கு ஒரு ப்ரொடியூசரின் பிடிவாதமும் காரணம். அதே நேரம் ‘ராப்பர்ஸ் டிலைட்’டில் வரும் வரிகளில் ஒரு பகுதி கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியது; அவருடைய பெயர் தட்டில் இல்லை. கொண்டாடும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும்.

சரி, என்ரை முதல் ஆள் ஆர்? மார்லி மார்ல். நியூயோர்க் குவீன்ஸ்பிரிட்ஜ் தொடர்மாடியில் வளர்ந்தவர். எண்பதுகளின் நடுவில், ஒரு பழைய பாட்டிலிருந்து குரல் துண்டு ஒன்றை சாம்பிளரில் பிடிக்கப் போய், தவறுதலாக அதோடு ஒரு ஸ்னேர் அடியும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த அடியை அமத்திப் பார்த்தவருக்கு விளங்கிவிட்டது: பழைய தட்டில் இருக்கும் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகக் கழற்றி எடுக்கலாம். அதுவரை இருந்த வழி இரண்டுதான். தட்டை அப்படியே சுழற்றுவது, அல்லது ட்ரம் மெசினுக்குள் கொம்பனி வைத்துத் தந்த சத்தத்தைப் பாவிப்பது. (ரன்-டி.எம்.சி.யின் முதல் இரண்டு அல்பங்களையும் செய்த லாரி ஸ்மித் அந்த இரண்டாவது வழியை ஒரு கலையாகவே ஆக்கினார். அவரையும் ஆரும் நினைப்பதில்லை, அது வேறு கதை.) மார்லி மார்ல் வீட்டை இடித்துக் கல்லைக் கல்லாக எடுத்துப் புது வீடு கட்டினார். 1986 இல் எம்.சி. ஷானுக்குச் செய்த ‘தி பிரிட்ஜ்’ பாட்டின் ட்ரம்ஸ், ஹனி டிரிப்பர்ஸ் குழுவின் ‘இம்பீச் த பிரெசிடென்ட்’ என்ற 1973 ஆம் ஆண்டுத் தட்டிலிருந்து கழற்றியது. நிக்சனைப் பதவி நீக்கச் சொல்லிப் பாடிய பாட்டு அது. நிக்சன் போய்விட்டார், அந்த அடி இன்னும் நூற்றுக்கணக்கான பாட்டுகளில் அடிச்சுக்கொண்டு இருக்கு.

இன்றைக்கு டவுன்லோட் செய்யும் ஒவ்வொரு ‘ட்ரம் கிட்’ பொதியும், கிக் ஒரு ஃபைல், ஸ்னேர் ஒரு ஃபைல் என்று பிரித்து வைத்திருக்கும் முறையும் இந்த யோசனையின் பிள்ளைகள்தான். பாவிக்கிறவர்களில் அரைவாசிப் பேருக்கு மார்லி மார்ல் என்றால் ஆர் என்று தெரியாது. என்ரை அளவுகோலில் அதுதான் முழுப் புள்ளி.

மெசின்களையும் சொல்லாமல் போக ஏலாது. 1987 இல் வந்த எஸ்.பி-1200 இல் மொத்தமாகப் பத்து செக்கன் சாம்பிள் மட்டுமே பிடிக்கலாம். அதனால் 33 வேகத் தட்டை 45 இல் ஓட விட்டு, கெதியாகப் பிடித்து, பிறகு மெசினுக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். இடம் மிச்சம், கூடவே ஒரு கரகரப்பும் வந்தது. தொண்ணூறுகளின் நியூயோர்க் சத்தம் என்று நாங்கள் உருகுவதில் பாதி இந்தக் கஞ்சத்தனத்தின் விளைவு. அடுத்த வருசம் ரொஜர் லின் வடிவமைத்து அக்காய் கொம்பனி விட்ட எம்.பி.சி-60 வந்தது. நாலுக்கு நாலு, பதினாறு சதுரப் பட்டன்கள். இப்ப போனில் இருக்கிற பீட் செய்யும் அப்பைத் திறந்து பாருங்கோ, அதே பதினாறு சதுரம். லின் ஒரு பொறியியலாளர். ‘ப்ரொடியூசர்’ பட்டியலில் அவரைச் சேர்க்கலாமா என்பது இன்னொரு பின்னேரத்துக்குரிய சண்டை.

1991 டிசம்பரில் கதை மாறுகிறது. பிஸ் மார்க்கி என்ற ராப்பர், கில்பர்ட் ஓ'சல்லிவனின் பழைய பாட்டொன்றின் துண்டை அனுமதி இல்லாமல் பாவித்ததற்காக நியூயோர்க் நீதிமன்றத்தில் தோற்றார். நீதிபதி பைபிளின் ‘களவு செய்யாதே’ என்ற கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குப் போடலாமா என்று பார்க்கவும் சொன்னார். இதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, ஒவ்வொரு துண்டுக்கும் காசு. பப்ளிக் எனிமிக்கு பொம் ஸ்குவாட் செய்ததுபோல ஒரே பாட்டுக்குள் கனக்கத் துண்டுகளை அடுக்கும் கலை, காசுக் கணக்கிலேயே ஏலாத காரியமாகப் போச்சு. 2005 இல் இன்னொரு அமெரிக்க நீதிமன்றம், இரண்டு செக்கன் துண்டு என்றாலும் அனுமதி வேண்டும் என்றது. ப்ரின்ஸ் போல் செய்த டி லா சோல் குழுவின் 1989 ஆம் ஆண்டு அல்பம், இப்படிப்பட்ட உரிமைச் சிக்கல்களால் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங் தளங்களில் இல்லை. வந்தபோது குழுவின் மூவரில் ஒருவரான டேவ் இறந்து மூன்று கிழமை ஆகியிருக்கவில்லை. ஒரு முழுத் தலைமுறை அந்த அல்பத்தைக் கேட்காமலேயே வளர்ந்திருக்கு.

டொக்டர் ட்ரே பெரியவராவது இந்த இடத்தில்தான். 1992 இன் ‘தி க்ரொனிக்’ அல்பத்தில் அவர் பழைய ஃபங்க் பாட்டுகளை வெட்டி ஒட்டுவதோடு நிற்காமல், வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டுத் திரும்ப வாசிக்க வைத்தார். அப்படிச் செய்தால் பாட்டை எழுதினவருக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும், ஒலிப்பதிவின் சொந்தக்காரருக்குக் கொடுக்கத் தேவையில்லை. சத்தமும் பளிங்கு மாதிரி வரும். நல்ல வேலைதான், மறுக்க ஏலாது. ஆனால் வாத்தியக்காரரும் நல்ல ஸ்டூடியோவும் வைத்துக்கொள்ளக் காசு உள்ளவனுக்கான வழி அது. படுக்கையறையில் இருக்கிற பெடியனுக்கு ட்ரே ஒரு இலட்சியம், ஒரு கருவி இல்லை. அதனால் எனக்கு அவர் முதல் மூன்றுக்குள் வர மாட்டார். கொமென்ட்ஸில ஏசுங்கோ, பரவாயில்லை.

இனி டில்லா. ஜேம்ஸ் யான்சி, டெட்ரொய்ட். 1974 பெப்ரவரி 7 இல் பிறந்து, 2006 பெப்ரவரி 10 இல், 32 வயதில், இரத்த நோயாலும் லூபசாலும் இறந்தவர். ‘டோனட்ஸ்’ அல்பம் அவருடைய கடைசிப் பிறந்தநாளில் வெளிவந்தது. அந்தச் சோகம் அவரைச் சாமியாக்கிவிட்டது; அதில எனக்குக் கொஞ்சம் எரிச்சல். ஏனென்றால் சோகத்தை எடுத்துவிட்டாலும் அவர் செய்தது பெரிசு. மெசினில் ‘குவான்டைஸ்’ என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் தாளம் பிசகி அடித்தாலும் அது இழுத்து நேர்க்கோட்டில் வைக்கும். டில்லா அதை நிறுத்திவிட்டார், அதனால்தான் பீட் தள்ளாடுகிறது என்பது வழமையாகச் சொல்லும் விளக்கம். டான் சார்னஸ் 2022 இல் எழுதிய ‘டில்லா டைம்’ புத்தகம் அது அவ்வளவு சுலபமில்லை என்று காட்டுகிறது. ஒரு அடியை நேராக வைத்து, மற்றதை ஊஞ்சல்போல ஆட விட்டு, ஸ்னேரை ஒரு மயிரிழை முந்த விட்டு, இவை ஒன்றோடொன்று உரசும்படி அவர் வேண்டுமென்றே கணக்குப் போட்டு அடுக்கினார். பிசகு போலத் தெரிவது கணக்கு.

பிறகு நடந்ததுதான் அதிசயம். மனுசரைப் பார்த்து மெசின் பழகிய காலம் போய், மெசினைப் பார்த்து மனுசர் பழகினார்கள். 2000 இல் வந்த டி'ஆஞ்ஜெலோவின் ‘வூடூ’ அல்பத்தில், நேராக அடித்துப் பேரெடுத்த க்வெஸ்ட்லவ் தன் கையைத் திரும்பப் பழக்க வேண்டியிருந்தது. இப்ப ஜாஸ் படிக்கிற ட்ரம்மர்கள் அந்தத் தள்ளாட்டத்தைப் பயிற்சியாகச் செய்கிறார்கள். அவருடைய எம்.பி.சி-3000 வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆபிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு விசயம்: யப்பானிய ப்ரொடியூசர் நுஜாபெஸ் பிறந்ததும் அதே 1974 பெப்ரவரி 7 தான். ‘சாமுராய் சம்ப்லூ’ பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். சோதனைக்குப் படிக்கும்போது நாங்கள் ஓட விடுகிற லோ-ஃபை பீட்டுகளுக்கு இந்த இரண்டு பேரும்தான் பூட்டன்மார்.

மூன்றாவது இடத்துக்கு நான் சொல்வது மெம்பிஸ்: டிஜே போல், ஜூசி ஜே. த்ரீ சிக்ஸ் மாஃபியா குழுவின் இந்த இருவரும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீட்டில் செய்த கசெட்டுகளைக் கையில் கொண்டு திரிந்து விற்றார்கள். இருண்ட சுரங்கள், ரோலண்ட் 808 மெசினின் பேஸ், படபடவென்று துடிக்கிற ஹை-ஹட். அந்த 808 கூட 1983 இலேயே உற்பத்தி நின்று, அடகுக் கடைகளில் மலிவாகக் கிடந்த மெசின்தான். நியூயோர்க் விமர்சகர்கள் அந்தக் காலத்தில் தெற்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு அட்லாண்டாவில் ட்ரப் வந்தது. 2010 இல் லெக்ஸ் லூகர், இருபது வயதும் ஆகாத பெடியன், எஃப்.எல். ஸ்டூடியோவில் செய்த பீட்டுகள் வானொலியை நிரப்பின. இப்ப ரிக்டொக்கில் கார் வீடியோவுக்கும் ஜிம் வீடியோவுக்கும் பின்னால் கேட்கிற ஃபொங்க் இசை நேரடியாக அந்த மெம்பிஸ் கசெட்டுகளிலிருந்து வந்தது. பாவிக்கிறவர்களுக்கு மெம்பிஸ் எந்தப் பக்கம் என்றும் தெரியாது.

கான்யேயை விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வருவீர்கள். பழைய சோல் குரலை வேகமாக்கிப் பாவித்தது அவருக்கு முன் ரீசா செய்தது. ஆனால் 2008 இன் ‘808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்’ இல்லாமல் இன்றைய பாதி பாடி, பாதி அழுகிற ராப் இல்லை. அதற்கு நாலாம் இடம் தரலாம். டிம்பலாண்டுக்கு ஐந்து.

இதில் எங்கட பக்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. ப்ளெக் ஐட் பீஸ் 2003 இல் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்துப் பாட்டொன்றைப் பாவித்தது. எம்.ஐ.ஏ. 2007 இல் ‘காலா’ அல்பத்தின் முதல் பாட்டில் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ ட்ரம்ஸை எடுத்தார். கேட்டவுடனே எங்களுக்குச் சிரிப்பு வந்தது, வெள்ளைக்கார விமர்சகர்களுக்கு ‘கவர்ச்சியான கிழக்கத்திய தாளம்’ என்று மட்டும் தெரிந்தது. 2002 இல் டிஜே குவிக் லதா மங்கேஷ்கரின் குரலை அப்படியே எடுத்து ட்ரூத் ஹர்ட்ஸுக்கு ஹிட் கொடுத்தபோது, பப்பி லஹிரியின் பெயரைப் போடாமல் தட்டை விற்கக்கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. கறுப்பின இளைஞர்கள் வறுமையில் கண்டுபிடித்த கலையைச் சட்டம் நசுக்கியது என்று மேலே எழுதினேன். அதே சட்டம் இங்கே எங்களைப் போன்ற ஒருவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இரண்டும் உண்மைதான், ஒன்றை வைத்து மற்றதை அழிக்க எனக்கு மனமில்லை.

ஏனென்றால் எல்லாப் பட்டியலுக்கும் அடியில் ட்ரம்மர்கள் இருக்கிறார்கள். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி ட்ரம்மர்’ பாட்டில் அடித்த க்ளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்கு, அந்த அடியைப் பாவித்த பாட்டுகளிலிருந்து உரிமைத்தொகை வரவில்லை. 2017 இல் இறந்தார். வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென் பிரதர்’ 1969 இல் வந்தது. அதில் வரும் ஆறேழு செக்கன் ட்ரம்ஸ் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இருக்கிறது. ட்ரே வேலை செய்த ‘ஸ்ட்ரெயிட் அவுட்டா கொம்ப்டன்’ பாட்டும் அதன் மேல்தான் நிற்கிறது. 2015 இல் இணையத்தில் ரசிகர்கள் காசு சேர்த்து, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்சுக்கு மேல் கொடுத்தார்கள். அந்த அடியை உண்மையில் அடித்த கிரெகரி கோல்மன், 2006 இல் அட்லாண்டாவில் வீடு வாசல் இல்லாமல் இறந்து அப்போது ஒன்பது வருசம்.