தகரச் சீட்டு

மதுரை ரயிலடியில் மூட்டையோடு இறங்குகிறவரிடம் வாசலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'மாட்டுத்தாவணியா, ஆரப்பாளையமா?' ரயில் சீட்டின் உயிர் அத்தோடு போச்சு. மேலூரோ உசிலம்பட்டியோ போக வேண்டியவர் மறுபடி மடியை அவிழ்க்க வேண்டும். பல வண்டிகளுக்கும் சேர்த்து ஒரே சீட்டு என்பதை ஏதோ ஐரோப்பியச் சொகுசு போலப் பேசுகிறோம். இந்த மண்ணில் அது நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தது. யாருக்காக இருந்தது என்று கேட்கத்தான் மறந்துவிட்டோம்.

போட் மெயிலை எல்லோரும் கொண்டாடுவார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் வாங்கிய சீட்டிலேயே தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். பழைய ஆட்கள் சொல்லக் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கும் முந்திய சீட்டு ஒன்று உண்டு. அதை யாரும் ஆல்பத்தில் ஒட்டி வைக்கவில்லை.

அது தகரச் சீட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோக வந்த ஏற்பாடு. சின்ன உலோக வில்லை. தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண். திருச்சி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளில் கங்காணி பிடித்த ஆள் அதைக் கழுத்தில் கட்டிக்கொள்வார். ரயில், தட்டப்பாறை முகாமிலோ பின்னாளில் மண்டபம் முகாமிலோ சோறு, கப்பல், அக்கரைப் பயணம் எதற்கும் கையிலிருந்து காலணா கொடுக்க வேண்டாம். செலவு தோட்டத்தின் பேரில் ஏறும். பிறகு கூலியாளின் தலையில் கடனாக இறங்கும். 'துண்டு' முறை 1921இல் ஒழிகிறவரை, அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டம் போக முடியாது. பயணி சீட்டை வைத்திருப்பதுதான் வழக்கம். இங்கே சீட்டு பயணியை வைத்திருந்தது.

திரும்பி வந்ததும் அதே பாதைதான். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22–23 புயலில் தனுஷ்கோடியே போனது. அதற்கென்ன, ராமேஸ்வரத்திலிருந்து ராமானுஜம் கப்பல் ஓடியது. வந்து இறங்கியவர்களில் பலருக்கு அடுத்த ஊரையும் அரசாங்கமே எழுதிக் கொடுத்தது. சிலருக்கு அதுவும் தேயிலைத் தோட்டம், நீலகிரியில்.

உள்ளூர்க் கதை வேறு. ரயில்வேக்கு பஸ் என்றாலே வருமானத்தைக் கொத்துகிற காக்கா. 1933இல் மிட்செல்–கிர்க்னஸ் அறிக்கை அந்தப் போட்டியைக் கணக்குப் பார்த்தது. 1939இல் மோட்டார் வாகனச் சட்டம் பெர்மிட்டுக்குள் பஸ்ஸைக் கட்டியது. மலைக்குப் போகிற துரைமாருக்கு மட்டும் வழி தெளிவாக இருந்தது: அம்மையநாயக்கனூரில் இருக்கும் ஸ்டேஷனுக்குப் பேரே கொடைக்கானல் ரோடு! 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பஸ் மாநிலத்திடம், ரயில் மத்தியில். இரண்டுக்கும் ஒரே சீட்டு அப்போதும் வரவில்லை.

ஆனாலும் பெரியார் நிலையம் ரயிலடிக்கு நடக்கிற தூரம். அந்தக் கொஞ்சநஞ்ச இணைப்பும் 1999இல் மாட்டுத்தாவணி திறந்து வெளியூர் பஸ்களில் பெரும்பகுதி அங்கே போனதோடு அறுந்தது. ராமேஸ்வரம் பாசஞ்சரில் வந்து ராத்திரி இறங்குகிற ஒரு கிழவி மேலூர் பஸ் பிடிக்க ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு, அவள் ராமேஸ்வரத்திலிருந்து மதுரை வந்த ரயில் கட்டணத்தைவிட அதிகம்.